இரண்டு தொலைபேசி எண்கள்

நோர்வூட் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மாடு வளர்த்தாள் ஒரு பெண். கணவன் இறந்துவிட்டான். பகலில் கொழுந்து பறிப்பாள், மாலையில் புல் அறுப்பாள். அவளுடைய தயிர்ச் சட்டிகளை வெள்ளிக்கிழமைதோறும் பஸ்ஸில் ஏற்றி, ஹட்டனில் ஒரு சுற்றுலா விடுதிச் சமையற்காரரிடம் சேர்ப்பது நான். ஓய்வுபெற்ற ஆசிரியன். ஒரு சதம்கூட நான் எடுத்ததில்லை. அதனாலேயே என்னை நல்லவன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

"கண்டக்டர் ஒருநாளைக்கு ஒங்களையும் சாமான்னு நெனச்சு லக்கேஜ் டிக்கட் போடப் போறான், மாஸ்டர்" என்று சிரிப்பாள்.

சமையற்காரர் சிங்களவர். சீசனுக்கு மூன்று மடங்கு தயிர் வேண்டும், அந்த அம்மாவின் நம்பரைக் கொடுங்கள் என்றார். அவளுக்குச் சிங்களம் வராது என்றேன். உண்மையில் என்னைவிட நன்றாகப் பேசுவாள்.

அவளிடம் இன்னும் கன்று போடாத ஒரு கிடாரி இருந்தது. அதை வளர்ப்பதா, விற்பதா என்ற யோசனையில் இருந்தாள்.

"நானே ஒருக்கா போயி அவரப் பாத்துட்டு வரவா, மாஸ்டர்? கூடத் தயிர் எடுப்பாருன்னா இதையும் வச்சிக்குவேன்."

"அவரு தோட்டத்து ஆளுங்களோட பேசமாட்டாரு" என்றேன். அதுவும் பொய்.

பள்ளிக்கூடத்தை விட்டபின் என் வாசலுக்கு யாரும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் அவள் வந்து காத்திருப்பாள். விடுதியில் அவர் நாற்காலி இழுத்துப் போட்டுத் தேநீர் தருவார். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டால் அங்கே எனக்கு என்ன வேலை?

பிறகு கண் அறுவைச் சிகிச்சைக்காகக் கண்டிக்குப் போனேன். புண் ஆறாமல் இரண்டு வாரம் படுக்கவேண்டியதாயிற்று. தலையணைக்கடியில் இருந்த தொலைபேசியில் இருவர் எண்களும் இருந்தன. ஒருவர் எண்ணை மற்றவருக்குச் சொன்னால் போதும். இருவரிடமும், "நான் வரும்வரை பொறுங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

சீசன் பொறுக்கவில்லை. நான் திரும்பியபோது அவர் வேறு இடத்தில் தயிர் எடுக்கத் தொடங்கியிருந்தார். இனி வேண்டாம் என்றார். இந்த முறை நாற்காலி இழுத்துப் போடவில்லை.

அவள் கிடாரியை விற்றாள். அதை லொறியில் ஏற்றிய அன்று மாலை, அவள் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் எண் என்னிடம் இருந்ததையும், சொன்ன இரண்டு பொய்களையும்.

கழுவிக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்தாள்.

"கமிஷன் அடிச்சிருந்தீங்கன்னாக்கூட மனசு ஆறியிருக்கும், மாஸ்டர். எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சிருக்கும்."

சட்டியை மறுபடி எடுத்துக் கழுவத் தொடங்கினாள். போங்கள் என்று அவள் சொல்லவில்லை. நானாகவே வந்துவிட்டேன்.