அளவெடுக்க நானே வருவேன்

தொழுநோய் குணமானவர்கள் வாழும் அந்தக் குடியிருப்புக்கு, வெளிநாட்டிலிருந்து மூன்று மாதத் தொண்டுக்காகப் போயிருந்தேன். தையல்கூடத்தில் பித்தான் தைப்பதும் துணி மடிப்பதும் என் வேலை. கூடத்தை நடத்தியவரை எல்லோரும் டெய்லரக்கா என்றார்கள். நோய் போய்ப் பல வருடமாகியும் அவர் விரல்களுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. கண்ணை நம்பித்தான் தைப்பார். அதனால் மெஷின் ஓடும்போது யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. எதிரே போய் நிற்பார்கள். அவராக நிறுத்துவார்.

ஊர்ப் பள்ளி முதல்தடவையாகச் சீருடைச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தது. பிள்ளைகளின் அளவை மட்டும் எழுதி அனுப்பிவிட்டார்கள்.

“நான் அங்க வந்துடக் கூடாதுன்னு எவ்வளவு அக்கறை பாரு,” என்று அக்கா சிரித்தார். “அடுத்த தடவை டேப்பை நான்தான் பிடிப்பேன்.”

சட்டைகளை வாங்கத் தலைமையாசிரியை சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். வாசலில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்காவின் கணவருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். பரபரப்பில், கூப்பிடக் கூடாது என்பதே அவருக்கு மறந்துபோனது.

“ஏம்மா, மேடம் வந்துட்டாங்க!”

அக்கா திரும்பினார். மெஷின் இன்னும் சற்று ஓடியது. வெள்ளைச் சட்டையின் கைப்பகுதியில் சிவப்பு படர்வதை நான் பார்த்தேன். தலைமையாசிரியையும் பார்த்தார். அக்காதான் கடைசியாகப் பார்த்தார்.

சக்கரத்தைக் கையால் திருப்பி ஊசியைத் தூக்கினார். விரலைக் கழுவி வந்தார். நான் கட்டுப்போட்டேன்.

“வலிக்கலையா?” வாசற்படியிலேயே நின்று கேட்டார் தலைமையாசிரியை.

“வலிச்சிருந்தா கையை எடுத்திருப்பேனே மேடம். நோய் போகும்போது வலியையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. இப்ப என்கிட்டேருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது. இந்தச் சட்டையை விட்டுடுங்க, மத்ததைப் பாருங்க.”

தலைமையாசிரியை உள்ளே வந்தார். ஒரு சட்டையை உட்புறம் திருப்பி, அக்குள் தையலை இழுத்துப் பார்த்தார். இன்னொன்றையும் எடுத்தார்.

“பாவாடையும் உங்ககிட்டயே குடுத்துடறேன். அளவு அனுப்பறேன்.”

“வேண்டாம் மேடம். நானே வந்து எடுக்கறேன்.”

“பிள்ளைங்களோட அப்பா அம்மா ஏதாவது சொன்னா?”

“அவங்களும் வந்து பக்கத்துல நிக்கட்டும்.”

கட்டுப்போட்ட விரலையும் கையிலிருந்த சட்டையையும் தலைமையாசிரியை மாறிமாறிப் பார்த்தார்.

“திங்கக்கிழமை வாங்க. பிரேயர் முடிஞ்சதும்.”

“நானும் வரட்டா?” என்றார் ரேடியோ. “டேப்பைச் சுருட்டித் தருவேன்.”

“வாங்க. வாயை மட்டும் இஸ்திரி போட்டு இங்கயே மடிச்சு வச்சுட்டு வாங்க.”

தலைமையாசிரியை போனதும் அக்கா கறைபட்ட சட்டைக்கையைப் பிரித்து, புதுத் துணியில் வேறு வெட்டினார். மெஷின் ஓடத் தொடங்கியது. ரேடியோ ஏதோ சொல்ல வந்தவர், சத்தமில்லாமல் எதிரே போய் நின்றுகொண்டார்.