பின்கதவு பூட்டவில்லை

நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிற ஆள். இரண்டும் வேறு வேறு என்று ஐம்பத்தாறு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டில் என் தச்சுப் பட்டறை இருக்கிறது. கட்டில், பீரோ, கடைக்கு ரேக், எது கேட்டாலும் செய்வேன். வேன்களுக்கு உள்வேலையும் செய்வதுண்டு. போன ஆடி மாதக் கடைசியில் ஒரு காலை, வெள்ளை வேன் ஒன்று ரிவர்ஸிலேயே பட்டறைக்குள் வந்து நின்றது. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கிளாஸைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. வண்டியின் இடது பக்கம் பின் மூலையில், ஓர் ஆள் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு ஒரே கண்ணாடி. அப்படி ஒரு ஜன்னல் இந்த வட்டாரத்தில் ஒரே வண்டிக்குத்தான் உண்டு. அதை வைத்தவன் நான்.

ஓட்டி வந்தவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வல்லத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். எட்டு வருஷம் துபாயில் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவன். கூட அவன் மனைவி. தையல் வேலை செய்கிறவள், கழுத்தில் ஜெபமாலையும் இஞ்ச் டேப்பும் சேர்ந்தே தொங்கின. பாண்டிச்சேரியில் யாரோ ஒருவரிடம் வண்டியை வாங்கியிருக்கிறார்கள். உள்ளே இருக்கிற கட்டில், அலமாரி, அடுப்பு மேடை, சிங்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் நீள பெஞ்ச் போட வேண்டும். வேளாங்கண்ணி கொடியேற்றத்துக்குக் குடும்பத்தோடு போகிறார்கள். இவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகள், அவன் அம்மா, அண்ணன் குடும்பம், அவளுடைய தங்கைகள் என்று மொத்தம் பதினாலு பேர். அவன் விரல் விட்டு எண்ணிக் காட்டினான். அந்த எண்ணிக்கை எனக்குப் பிடிக்கவில்லை.

"இந்த மாதிரி வண்டி முன்னாடி செஞ்சிருக்கீங்களாண்ணா?" என்று கேட்டான்.

"செஞ்சிருக்கேன் தம்பி" என்றேன்.

அவன் கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால், விழுப்புரத்தில் ரிட்டயர் ஆகியிருந்த ஓர் அதிகாரி இதே வண்டியை என்னிடம் கொண்டுவந்தார். அவர் மனைவிக்கு முதுகெலும்பில் கோளாறு. அரை மணிக்கு மேல் உட்கார முடியாது. அந்த அம்மாவைக் கோயில் கோயிலாகக் கூட்டிப்போக வேண்டும், அவர்கள் படுத்தபடியே வெளியே பார்த்துக்கொண்டு வர வேண்டும், அதுதான் அவர் ஆசை. கட்டில் போட்டேன். தலை வைக்கிற இடத்துக்கு நேராக, இரண்டு ஜன்னல்களுக்கு நடுவில் வண்டியின் இரும்புத் தூண் நின்றது. கூரையைத் தாங்குகிற தூண்களில் அது ஒன்று. இது மறைக்கிறதே, எடுக்க முடியாதா என்றார் அதிகாரி. பக்கத்து வெல்டிங் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்த மாத்திரத்தில் மாட்டேன் என்றுவிட்டார். எடுத்தால் சுற்றிலும் இரும்புச் சட்டம் கட்ட வேண்டும், அதற்குப் பாதி வண்டியைப் பிரிக்க வேண்டும் என்றார்.

எனக்கு அப்போது தலைக்கனம். கிரைண்டரை எடுத்து ஒரே மதியத்தில் தூணை அறுத்தேன். கண்ணாடியைச் சுற்றி நல்ல தேக்கில் சட்டம் இறக்கினேன். அதை ஒட்டி, தரையிலிருந்து கூரை வரைக்கும் ஓர் அலமாரி செய்து, மேலும் கீழும் போல்ட் போட்டு முடுக்கினேன். எல்லாவற்றுக்கும் மேல் பிளைவுட், அதற்கு மேல் மைக்கா. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. அந்த அம்மா படுத்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தேக்கு தாங்கும் என்று நம்பினேன். அதற்குப் பிறகு எப்போது அந்த வண்டி நினைவுக்கு வந்தாலும் எனக்கு நானே சொல்லிக்கொண்டது அதைத்தான்.

இவர்களை வேறு பட்டறைக்கு அனுப்பியிருக்கலாம். கையில் வேலை இருக்கிறது என்று சொன்னால் முடிந்தது. ஆனால் வேறொருவன் பிரித்தால் அறுத்ததைப் பார்ப்பான். யார் வேலை என்று விசாரிப்பான். திண்டிவனத்தில் விசாரித்தால் பத்து நிமிஷத்தில் என் வாசலுக்கு வந்துவிடுவார்கள். நானே பிரித்தால் நானே பார்த்து நானே மூடிவிடலாம். என் மூளை அவ்வளவு சுத்தமாகக் கணக்குப் போட்டது. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதல் நாள் சிங்க்கையும் அடுப்பு மேடையையும் எடுத்தேன். ஸ்க்ரூக்கள் துருப்பிடித்துப் பலகையோடு பலகையாகிவிட்டிருந்தன. பாதிக்கு மேல் தலையை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மேடைக்குப் பின்னால் கரப்பான் முட்டைகளும் பழைய மாத்திரை அட்டை ஒன்றும் கிடந்தன. பிளைவுட் ஈரத்தில் ஊறி, ஏடு ஏடாகப் பிரிந்து கையோடு வந்தது. மழைத்தண்ணீர் எங்கிருந்தோ உள்ளே இறங்கியிருக்கிறது. எங்கிருந்து என்று நான் தேடவில்லை. தேடினால் அந்தப் பெரிய கண்ணாடியிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

புருஷன் பெண்டாட்டி இருவரும் கூடவே இருந்து பார்ப்பதாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு அது எரிச்சல். அவள் வறுத்த மல்லாட்டையைத் தோலுரித்து, கடலையைக் கொறித்துக்கொண்டே ஜன்னல்களை அளந்து ஒரு நோட்டில் குறித்துக்கொண்டாள். அவன் போனில் வெள்ளைக்காரர்கள் வேனைப் பிரிக்கிற வீடியோக்களைக் காட்டி, அவர்களெல்லாம் ஒரே நாளில் முடித்துவிடுகிறார்களே என்றான். அவர்களுக்கு வீடியோ எடுக்கிறவன் மட்டும்தான் தொல்லை, எனக்கு இரண்டு பேர் என்றேன். அவள் சிரித்தாள். அவன் யோசித்துவிட்டுச் சிரித்தான்.

சாயங்காலம் பின்கதவைச் சாத்தினேன். காலையில் ஒரு விரலால் தள்ளினாலே டக்கென்று பூட்டிக்கொண்ட கதவு, இப்போது அடியில் உரசியது. கீலுக்கு ஆயில் விட்டால் சரியாகிவிடும் என்று அவன் சொன்னான். ஆமாம் என்று நானும் ஆயில் கேனை எடுத்துக்கொண்டு போனேன். கீலில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். கதவு அப்படியேதான் இருந்தது, வண்டியின் கூடுதான் இறங்கியிருந்தது.

மறுநாள் கட்டிலைக் கழற்றினேன். கட்டில் இருந்த இடத்தில், தலைமாட்டுப் பக்கம், ஜன்னலுக்குக் கீழே மைக்காவில் ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. ஏழெட்டு இருக்கும். சிவப்பு வெளுத்துப் பழுப்பாகிவிட்டிருந்தது. தையல்காரப் பெண் உள்ளே ஏறி வந்து குனிந்து பார்த்தாள். அந்த இடத்தில் கையை வைத்தாள்.

யாரோ ஒரு அம்மா ரொம்ப நாள் இங்கே படுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன ஆயிற்றோ என்றாள். எனக்குத் தெரியும். வேன் வந்து நாலு வருஷத்துக்கெல்லாம் அந்த அம்மா நோயில் படுத்து விழுப்புரத்திலேயே இறந்துபோனார்கள். பிறகு அந்த அதிகாரி வண்டியை விற்றுவிட்டார். வண்டியால் அவர்களுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அதையும் எனக்கு ஒரு சாட்சியாகவே வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவளிடம் தெரியாது என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் அங்கேயே நின்று பெஞ்சுக்கு மெத்தை அளவு எடுத்தாள். இந்தப் பக்கம் ஏழு பேர் உட்காரலாம் என்றாள். கண்ணாடி ஓரம் தனக்குத்தான் என்று சின்னவள் இப்போதே அக்காவோடு சண்டை போடுகிறாளாம். இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்தச் சுவரில் ஏழு முதுகுகள் சாய்ந்திருப்பதும், வண்டி ஒரு வளைவில் ஒரு பக்கமாகச் சாய்வதும், மேலே கேரியரில் மூட்டைகளும் சமையல் பாத்திரங்களும் இருப்பதும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அதற்கு மேல் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மிச்சம் இருந்தது அலமாரி. அடியில் இருந்த நாலு போல்ட்டும் சுலபமாக வந்தன. மேலே கூரையோடு முடுக்கிய நாலில் இரண்டைக் கழற்றியதும் தகரம் முனகியது. நான் கையை எடுத்துவிட்டேன். பிறகு மூன்றாவதும் வந்தது, கடைசி போல்ட் அசையவே இல்லை. துருப்பிடித்த போல்ட் எப்படி அடம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், இது வேறு. மேலிருந்து எதுவோ அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரையும் இறங்கித் தள்ளி நிற்கச் சொன்னேன். அவன் எதற்கு என்று கேட்டான். நான் கடப்பாரையை இடுக்கில் கொடுத்து நெம்பினேன்.

அலமாரி விலகியது. கூரையிலிருந்து டின் மூடியை அழுத்தினாற்போல் ஒரு சத்தம் வந்தது. பெரிய கண்ணாடியின் மேல் மூலையில் ரப்பர் பீடிங் மெதுவாகப் பிதுங்கி வெளியே வந்து தொங்கியது. அவ்வளவுதான். அதன் பிறகு வண்டி அமைதியாகிவிட்டது. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

அவன் போய்ப் பின்கதவைச் சாத்தினான். ஒரு விரற்கடை இடைவெளி நின்றது. தோளைக் கொடுத்துத் தள்ளினான். காலால் உதைத்தான். பூட்டவில்லை.

"பேஜாராப் பூடுச்சே" என்றான். பிறகு அவனே சமாதானம் ஆகிவிட்டான். "சரி வுடுங்கண்ணா, கயிறு போட்டுக் கட்டிக்கலாம். வேளாங்கண்ணி வரைக்கும்தானே. நீங்க ஜல்தி பெஞ்சப் போட்டு முடிங்க."

எனக்கு இன்னும் வழி இருந்தது. பெஞ்சுக்கு அடியிலிருந்து கூரை வரை ஒரு கட்டையைக் கொடுத்து, மேலே புதிய மைக்காவை ஒட்டினால் கதவுகூடப் பூட்டிக்கொள்ளும். யாருக்கும் தெரியாது. நான் கட்டைக்கு அளவும் எடுத்துவிட்டேன். பென்சில் காதில் இருந்தது. ஆனால் கயிறு என்று அவன் சொன்னது காதிலிருந்து போகவில்லை. அவன் வண்டியை நம்பியா அப்படிச் சொன்னான்? மேஸ்திரி இருக்கிறார், கெட்டது நடக்கவிடமாட்டார் என்று என்னை நம்பி அல்லவா சொன்னான்.

உளியை எடுத்து ஜன்னல் ஓரத்து பிளைவுட்டை நெம்பினேன். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. உள்ளே என் தேக்குச் சட்டம் கறுத்துப்போய் நின்றது. உளியை அதன் மேல் வைத்து அழுத்தினேன். சுத்தியல் தேவைப்படவில்லை. பிடி வரைக்கும் இறங்கியது. இழுத்தபோது ஈர மண் மாதிரி மரம் கொட்டியது. அதற்கு மேலே, நான் அறுத்த இரும்புத் தூணின் முனை அந்தரத்தில் தொங்கியது. மரத்துக்கும் அதற்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. தேக்கு எதையும் தாங்கிக்கொண்டிருக்கவில்லை. எத்தனை வருஷமாகவோ. கூரையைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த அலமாரிதான். அதையும் நான் இப்போது எடுத்துக் கீழே வைத்துவிட்டேன்.

அவன் எட்டிப் பார்த்தான். "எந்தப் பாவி பண்ண வேலைண்ணா இது?" என்றான்.

"நான்தான் தம்பி" என்றேன்.

நான் கிண்டல் செய்வதாக நினைத்தான். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். இரும்புச் சட்டம் கட்டினால்தான் வண்டி ரோட்டில் போகலாம், அது கொடியேற்றத்துக்குள் முடியாது, முடிந்தாலும் இதில் பதினாலு பேரை ஏற்றச் சொல்ல என் வாய் வராது என்றும் சொன்னேன். அவன் திட்டியதை இங்கே எழுதவில்லை. எல்லாம் எனக்குச் சேர வேண்டியதுதான். பிறகு போனை எடுத்துக்கொண்டு, பாண்டிச்சேரிக்காரனைப் பிடிக்கிறேன் என்று ரோட்டுக்குப் போய்விட்டான். ஆடிக்காற்றில் அவன் கத்துவது விட்டு விட்டுக் கேட்டது.

அவள் மட்டும் வண்டிக்குள் நின்றாள். கீழே கொட்டிய மரத்தூளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளிடமாவது என்னை நியாயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. தெரிந்து செய்யவில்லை அம்மா, தேக்கு தாங்கும் என்று மனசார நம்பித்தான் செய்தேன் என்றேன். அறுத்த அன்றும் நம்பினேன், இன்று காலை வரைக்கும் நம்பினேன் என்றேன். அவள் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டாள்.

"உங்க பிள்ளைங்கள ஒரு நாளாவது இதுல ஏத்தியிருக்கீங்களாண்ணா?" என்று கேட்டாள்.

அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. வேலை முடிந்த அந்த வாரமே விழுப்புரத்துக்காரர் எங்களை மயிலம் கோயிலுக்குக் கூப்பிட்டார். வண்டியின் முதல் பயணம், வேலை செய்தவர் குடும்பமும் கூட வர வேண்டும் என்றார். என் மனைவி எங்கள் பெண்ணுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, பூ வைத்து, வாசலில் நிறுத்தியிருந்தாள். குழந்தைக்கு அப்போது ஆறு வயது. வண்டி தெருமுனை திரும்பியது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் படுத்துவிட்டேன். குழந்தையையும் அம்மாவையும் மட்டுமாவது அனுப்பச் சொல்லி அவர் கேட்டுப் பார்த்தார். நான் அனுப்பவில்லை. குழந்தை அன்று முழுக்க அழுதாள். அடுத்த வாரம் அவர்களை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன்.

"இல்லம்மா. மொத நாளு கோயிலுக்குக் கூப்பிட்டாங்க, வயித்து வலின்னு படுத்துக்கிட்டேன், பொண்ணையும் அனுப்பல" என்றேன்.

அவள் கழுத்திலிருந்த இஞ்ச் டேப்பை எடுத்துச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அப்போ அன்னிக்கே தெரிஞ்சிருக்கு உங்களுக்கு" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.