பனரில் இருந்த நீலப் புள்ளி

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்குக் கனகராயன்குளத்துப் பக்கம் எனக்குச் சொந்தமாக அரிசி மில் நிற்கிறது. ஒருவரிடமும் கை நீட்டாமல் கட்டினது. பட்டம் படித்த ஆட்களே என்னைத் தேடி வந்து, "ஐயா, எங்கட ஆக்களுக்கு வந்து படிப்பியுங்கோ" என்று கேட்டார்கள் என்றால், அது சும்மா கிடைத்த மரியாதை இல்லை. இந்தக் காட்டை என்னைப் போல் அறிந்தவன் இங்கே இல்லை.

வந்தது காட்டு விலங்குகளைக் காக்கிற ஒரு அணி. களவாக வேட்டையாடுகிறவன் எந்த வழியால் வருவான், அடுத்து எங்கே போவான் என்று கணிக்க அவர்களுக்குப் பயிற்சி. நடத்தினது யாழ்ப்பாணத்துப் பெண் பிள்ளை ஒன்று. படித்தவா, அடக்கமானவா.

இளவயதில் நானும் சுருக்கு வைத்தவன்தான். மறைக்க என்ன இருக்கிறது, அதற்காகத்தானே கூப்பிட்டார்கள். சுருக்கு நிற்கிற உயரத்தை வைத்து அது மரை மானுக்கா முயலுக்கா என்று சொல்லுவேன். வயரின் முடிச்சைப் பார்த்தால் கட்டினவன் இடக்கையனா என்றும் சொல்லுவேன். அவா சோதித்துப் பார்த்தா. பிழைக்கவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.

மூன்றாம் நாள் பெரிய வரைபடம் ஒன்றை விரித்தா. சுருக்கு அகப்பட்ட இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. வேட்டைக்காரர் இன்னும் தொடாத இடம் ஏதும் மிச்சமிருக்கிறதா என்று கேட்டா. எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. பாலை மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன மோட்டை. குளங்கள் வற்றுகிற ஆவணியிலும் அதில் தண்ணீர் நிற்கும். மரைகள் குட்டிகளோடு குடிக்க வரும். அந்த இடத்தில் என் கையாலேயே நீலப் புள்ளி வைத்தேன்.

"இதையாவது காப்பாத்த வேணும். ஐயா, இந்தப் படம் அறைக்கு வெளியில போகக்கூடாது."

"எனக்கே சொல்லுறீங்கள், பிள்ளை?" என்று சிரித்தேன்.

கடைசி நாள் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவருக்குக் கௌரவம் கிடைத்தால் சந்தியில் பனர் கட்டாமல் விடமாட்டார்கள். மற்றவன் கட்டுமட்டும் காத்திருக்கிற ஆள் நான் இல்லை, நானே அடித்தேன். பொன்னாடையோடு வரைபடத்துக்கு முன்னால் நான் நிற்கிற படம், ஆள் உயரத்துக்கு. அவா வெளியே போயிருந்த நேரம் என் போனில் எடுப்பித்தது. வரைபடமும் படத்தில் விழுந்ததைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். அது இல்லாவிட்டால் நான் என்ன படிப்பித்தேன் என்று சனத்துக்கு எப்படித் தெரியும்?

பனருக்கு எதிரே தேத்தண்ணிக் கடை. ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் வந்து இருந்தார்.

"ஐயா, படத்தில நிக்கிறது நீங்கள்தானே? நேரில இன்னும் இளமை."

"ஓம், நான்தான்."

"சிவப்பு சுருக்கு எண்டு விளங்குது. அந்த நீலம் என்ன?"

"அது நான் காட்டிக் குடுத்தது. ஒருத்தனும் கால் வைக்காத மோட்டை. மரை கூட்டமா வரும்."

"கெட்டிக்காரன்தான் நீங்கள்!" என்று எனக்கு இன்னொரு தேத்தண்ணி சொன்னார்.

ஒரு மாதம் போகவில்லை. அணியோடு நானும் மோட்டைக்குப் போனேன். கரையைச் சுற்றி வயர். பெண் மரை ஒன்று கழுத்து இறுகிச் செத்துக் கிடந்தது. குட்டியைக் காணவில்லை. அவா வயரை அறுத்து என் கையில் தந்தா.

"மரைக்கெண்டே கட்டினது. கட்டினவன் இடக்கையன்," என்றேன். பிழையில்லாமல்தான் சொன்னேன். ஒருவரும் கை தட்டவில்லை.

"ஐயா, ஆராவது உங்களிட்ட இந்த இடத்தைப் பற்றி விசாரிச்சவையோ?"

தேத்தண்ணிக் கடைக் கதையைச் சொன்னேன்.

"அந்தாள் கிளாசை எந்தக் கையால பிடிச்சவர்? முகம் எப்பிடி?"

எனக்கு ஒன்றும் நினைவில்லை. அவர் கதைத்த நேரம் முழுக்க நான் பனரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவா என்னை ஏசவில்லை. வரைபடத்தை எடுத்து நீலத்தின் மேல் சிவப்பை ஒட்டினா. "வேற இடம் ஏதும் இருக்கோ, ஐயா?" என்று மட்டும் கேட்டா. இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை.

பனரை அன்றே இறக்கினேன். இந்த ஆவணியிலும் மோட்டைக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் இருக்கிறது. கரைச் சேற்றில் குளம்புத் தடம் ஒன்றும் இல்லை. சுருக்கு வைக்கிறவர்களும் இப்போது அங்கே வருவதில்லை.