பூக்கட்டிப் பார்த்த விமானப் படிப்பு

நம் தேசத்தில் பறக்கிற விமானங்களில் பாதி, என் தம்பி பழனிமுத்து பூட்டியவை என்று பேரன் பேத்திகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கொஞ்சம் கூடுதல்தான். அவன் ஒரு விமானத்தைத் தொட்டதுகூட இல்லை. எங்கள் மலையூர் கூக்காலில் பூண்டு போடுகிறான்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் அவன் பள்ளிக்கூடம் முடித்தான். மதுரைக்குப் போய் இண்டர்மீடியட்டில் கணக்கு எடுக்க வேண்டும், பிறகு பி.எஸ்ஸி.யிலும் கணக்கோ பௌதிகமோ, அப்புறம் சென்னையில் மூன்று வருஷம் விமானப் படிப்பு. இந்த வழியை அவன் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

எங்கள் அய்யா செல்லப்பாண்டிக்கு அது பிடிக்கவில்லை.

"செடி கொடி படிலே. பூண்டுல நோவு விழுந்தா ஆகாசத்துலருந்தா வந்து பாப்ப?"

"கணக்கு இல்லாம அங்க சேக்க மாட்டாகய்யா."

"சரி, சாமிகிட்டயே கேட்டுருவோம்."

எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் பூக்கட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். பூம்பாறை வேலப்பர் சன்னதியில் அய்யா இரண்டு இலைப் பொட்டலம் கட்டி வைத்தார். வெள்ளைப் பூ வந்தால் கணக்கு, சிவப்பு வந்தால் தாவரவியல். தம்பி கண்ணை மூடி ஒன்றை எடுத்தான். சிவப்பு. வேலப்பரும் அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டார் போல.

நான்கு வருஷம் செடியைப் படித்தான். செடியும் விஞ்ஞானம்தானே என்ற நப்பாசையில் சென்னைக்கு ரயிலேறினான். அங்கே ஒருவர் அவன் பட்டத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இங்க கத்திரிக்கா எல்லாம் பறக்காதே" என்றாராம். முதலிலிருந்து கணக்குப் படிக்கலாம் என்றால், அந்த வருஷம் இண்டர்மீடியட்டையே எடுத்துவிட்டார்கள். புதிதாக வந்த வகுப்பில் சேர்ந்து மறுபடி ஏறி வருவதற்குள் வயது தாண்டிவிடும். எந்தக் கதவைத் தட்டினாலும், முந்தின கதவு வழியாக வா என்றார்கள். முந்தின கதவு சாத்திக் கிடந்தது.

திரும்பி வந்தவன் மண்வெட்டியை எடுத்தான். அய்யா போன பிறகும் கீழே வைக்கவில்லை. மலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டால் ஊரே அண்ணாந்து பார்க்கும். அவன் மட்டும் குனிந்து களை பறிப்பான். சாமி கொடுத்த தீர்ப்பு, யாரை நோவது?

இதுவரை எழுதி அவனிடமே வாசித்துக் காட்டினேன். பூண்டுத் தாளைக் கிள்ளிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"சாமியச் சொல்லாதீக அக்கா. மத்தப் பொட்டலத்தையும் அன்னைக்கே கோயிலுக்குப் பின்னால போயிப் பிரிச்சுப் பாத்தேன். அதுலயும் செவப்புதான் கெடந்துச்சு."