கல்லாறுக்கு மேலே

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப்போன மறுநாள் காலையில், பொன்முடி மலைக்குச் சைக்கிளில் போக வேண்டும் என்றாள் அம்மா.

அப்பா சிரித்துவிட்டார். "பஸ்ஸுல போலாமே. இத்தனை வருஷமா ஓடியாச்சு. இனியாவது கொஞ்சம் அடங்கி இரிக்கப்படாதா?"

அதுதான் அவளால் முடியவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த தாத்தாவை வருஷக்கணக்காக அம்மாதான் பார்த்துக்கொண்டாள். அந்த நாட்களில் எங்கள் வீடு இருந்த வலியசாலையைத் தாண்டி அவள் போனதே அபூர்வம். இப்போது ஓய்வெடு என்று எல்லாரும் சொன்னார்கள். அவளோ துவைத்த விரிப்பையே மறுபடி துவைத்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். வாசலிலிருந்து மாடிக்குப் போனாள். பால் பொங்கி வழிந்தது.

பதினோரு வயதில் எனக்கு அதெல்லாம் வேடிக்கை. வீட்டில் அவள் திட்டத்தை நம்பியவள் நான் ஒருத்திதான். சைக்கிளில் கூட்டிப்போகிறேன் என்றால் நான் யாரைத்தான் நம்பியிருக்க மாட்டேன்!

எனக்குச் சொந்தச் சைக்கிள் இருந்தது; அம்மாவுக்குச் சித்தப்பா மகனின் கியர் சைக்கிளை இரவல் வாங்கினோம். முதல் நாளே கோயில் திருப்பத்தில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாள் அம்மா. சுடிதாரைத் தட்டிவிட்டு மறுபடி ஏறினாள். மாலையில் இரண்டு பேரும் செல்போன் வரைபடத்தில் மலைப்பாதையை விரலால் விரித்து விரித்துப் பார்ப்போம்.

"விதுரா வரைக்கும் சைக்கிள வண்டியில ஏத்தீட்டுப் போலாம். கல்லாறுல இருந்து ஏறுவோம், கேட்டியா?" என்பாள். மறுநாள் பொன்முடி வேண்டாம், போனக்காடு போகலாம் என்பாள். அங்கே போக வனத்துறை அனுமதி வேண்டும் என்று அப்பா சொன்னதும் மறுபடி பொன்முடி. நாள் குறிப்பாள், மழை வரும். மழை நின்றால் எனக்குப் பரீட்சை வரும். அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அது எனக்கும் தொற்றிக்கொண்டது. பள்ளியில் மேசைக்கு அடியில் கால்கள் தானாகவே பெடல் மிதித்தன.

கடைசியில் அப்பாதான் மனமிறங்கி, ஒரு சனிக்கிழமை சைக்கிள்களைச் சரக்கு ஏற்றும் பெட்டி ஆட்டோவில் ஏற்றி மலையடிவாரத்துக் கல்லாறில் இறக்கினார். அங்கே ஒரு சாயாக்கடையில் அவர் உட்கார்ந்துகொள்ள, நாங்கள் ஏறத் தொடங்கினோம்.

அம்மா முன்னால் போனாள். ஒவ்வொரு வளைவிலும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அப்படி ஒரு முகத்தை நான் வீட்டில் பார்த்ததில்லை. மூச்சு வாங்கும் இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

ஒரு வளைவில் சட்டென்று பிரேக் பிடித்துக் காலை ஊன்றினாள்.

"மக்களே, மணி என்னாச்சு? தாத்தாக்குக் கஞ்சி குடுக்காண்டாமா?"

"தாத்தாதான் செத்துப்போயாச்சுல்லா அம்மா!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். "செரி, நீ மெள்ள வா" என்று சொல்லிவிட்டு, சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தாள். நில்லும்மா, நில்லும்மா என்று கத்தினேன். அவள் திரும்பவேயில்லை.

அடுத்த வளைவை நான் எட்டியபோது சைக்கிள் சாலையோரம் சாய்ந்து கிடந்தது. அம்மா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, எங்களிடம் இருந்த ஒரே தண்ணீர்ப் பாட்டிலை முகத்தில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு மிச்சமில்லை. கண்கள் சிவந்திருந்தன.

"இனி நான் எதைக் குடிப்பேன்?" என்று அழாத குறையாகக் கேட்டேன்.

"மேல கடை இருக்கு பிள்ளே" என்றாள். சைக்கிளை நிமிர்த்தினாள்.

உச்சிக்குப் போனோம். கடையும் இருந்தது. எனக்கு மட்டும் கோபம் தீரவில்லை. கீழே இறங்கியதும் அப்பாவிடம் ஓடிப்போய் நான் சொன்ன புகார் ஒன்றே ஒன்றுதான்: இத்தனை நாள் திட்டம் போட்டுவிட்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் அம்மா முகம் கழுவியே வீணாக்கிவிட்டாள்.