பத்து மில்லிமீட்டரில் கடல்

பாறசாலையில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது கிராப் சென்சார் கேமரா. சென்சார் சிறியது, ஓரத்தையெல்லாம் வெட்டிவிடும். அதோடு வந்த லென்சை வைத்துக்கொண்டு கல்யாண வீட்டு அறைக்குள் நின்றால், படத்தில் மாப்பிள்ளை வரும்போது பெண் வெளியே போய்விடுவாள். பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முதுகு உரிந்த பிறகுதான் பத்திலிருந்து இருபது மில்லிமீட்டர் வரை போகும் வைட் சூம் லென்சை வாங்கினேன். பத்தில் வைத்தால் குடும்பமே அடங்கும். ஓரத்தில் நிற்பவர் தலை மட்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கும் என்பதால் பெரியம்மாக்களை நடுவில் நிறுத்தப் பழகினேன். அந்த லென்சைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு திமிர் இருந்தது.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அக்கா பொழியூர்க் கடற்கரைக்காரர். ஒருநாள் மீன் பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார்.

"மக்கா, கடலு எங்க வீட்டை எடுக்கப் போவுது. வேற எடம் கேட்டு மனு குடுக்கணும். வீடும் கடலும் ஒண்ணா தெரியிற மாதிரி ஒரு படம் எடுத்துத் தருவியா?"

போனேன். வீட்டுக்கு முன்னால் குறுகலான சந்து. பின்னால் நகர இடமில்லை. முன்பக்க மூலையை ஒட்டி நின்று லென்சைப் பத்தில் வைத்தேன். சுவர், புழக்கடை, மணல், கடல், மேகம் என்று எல்லாம் ஒரே படத்தில் வந்துவிட்டன. அழகான படம். மனுவுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று என்று இரண்டு பிரதி போட்டுக் கொடுத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அக்கா சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஆபீசில சாரு படத்தைப் பாத்தாரு மக்கா. கடலு தூரத்திலாக்கும், அவசரம் ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டாரு. எனக்கும் சமாதானமாச்சு. பெத்து வந்த மோளையும் பிள்ளையையும் கடல்பக்கத்து முறியில கிடத்தியாச்சு. அங்க நல்ல காத்து உண்டு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்தில் வைத்துக் கிட்டே நின்று எடுத்தால் பக்கத்தில் இருப்பது பெரிதாகும், பின்னால் இருப்பது தூரத்துக்கு ஓடிவிடும். பூசணிக்காய்த் தலையைக் கவனித்தவன் கடலைக் கவனிக்கவில்லை. போதாததற்கு அன்று கள்ளக்கடல் வரும் என்று காலையிலேயே எச்சரிக்கை சொல்லியிருந்தார்கள். காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, கடல் பாட்டுக்கு ஏறிவரும்.

"அது எப்பவும் சொல்றதாக்கும்" என்றார் அக்கா.

அங்கேயே இருப்பவருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். வருடக்கணக்காகப் பயந்து பயந்து அலுத்துப்போனவர் அவர். இனிப் பயப்பட வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தார். அந்த ஆள் என் படம்.

மீன் பாத்திரத்தை எங்கள் வீட்டில் வைத்துவிட்டு அக்காவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பிள்ளைக்கு எதுவும் ஆகியிருக்கக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். எனக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது.

வீடு நின்றது. நல்ல வெயில். கடல்பக்கத்து அறையில் மகள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தொட்டிலுக்கு மேலே சுவரில் என் படத்தை ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

"இங்க கிடக்கண்டாம். பிள்ளையை எடுத்துட்டு எங்க வீட்டுக்கு வா" என்றேன்.

"கடலு அங்க தூரத்திலல்லா அண்ணா கிடக்கு" என்று மகள் படத்தைக் காட்டினாள்.

"அந்தப் படம் பொய்யாக்கும்."

"நீதானே எடுத்த?" என்றார் அக்கா. குரலில் கோபம் இருந்தது. இருக்கத்தானே செய்யும்.

"நான்தான் எடுத்தேன். படத்தை விடுங்க அக்கா. புழக்கடையிலிருந்து தண்ணி வரைக்கும் எத்தனை காலடி இருக்கும், சொல்லுங்க."

படத்தை ஒருமுறை பார்த்தார். "நாப்பது இருக்கும்."

"நடந்து பாருங்க."

என்னை முறைத்துவிட்டு புழக்கடைப் படியில் இறங்கினார். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணிக்கொண்டே நடந்தார். எனக்குக் காட்டுவதற்காகவே காலை அகட்டி வைத்தார். நான் படியில் நின்றேன். ஒன்பது என்றார். பத்து என்றார். பதினொன்று என்று சொல்ல வாய் திறந்தபோது தண்ணீர் வந்து அவர் கணுக்காலை நனைத்து, அவரைத் தாண்டி என் செருப்பு வரைக்கும் வந்தது.

அக்கா குனிந்து காலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"மோளே," என்றார், "பிள்ளையை எடு."