பதினான்கு மறுப்பும் ஒரு குட்டிச் சக்கரமும்

கடிதம் வந்தால் அவர் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். வெள்ளையாக இருக்கிறதா என்று விரலால் தடவி உறுதி செய்துகொண்ட பிறகுதான் முன்பக்கம். "பேப்பர் நல்ல பேப்பர்ங்க. எத்தனை தடவ அழிச்சாலும் கிழியாது" என்பார். எங்கள் ஆஸ்பத்திரியின் மேம்பாட்டுக் குழு, 'வேண்டாம்' என்று சொல்வதற்காகவே அவ்வளவு உயர்ந்த காகிதம் வைத்திருக்கிறது.

டிராலி, சக்கர நாற்காலி பழுது பார்ப்பது அவர் வேலை. நர்சுகளுக்குச் 'சக்கரத்தண்ணன்'. எனக்கு எக்ஸ்ரே பிரிவு. அடுத்த அறைதான் அவருடைய பட்டறை. காதில் பென்சில், சட்டைப்பையில் சக்கரத்துக்குள் போடும் பால்ரஸ் குண்டுகள் நாலைந்து. ஆள் வருவதற்கு முன்னால் அந்தக் கிலுகிலு சத்தம் வந்துவிடும். நோயாளியின் முகம் அவருக்கு நினைவில் நிற்காது; எந்த டிராலியில் வந்தார் என்பது நிற்கும்.

பதினோரு வருடத்துக்கு முன் அவர் மனைவிக்கு இங்கேதான் வயிற்றில் ஆபரேஷன். பச்சைத் தையலோடு வார்டுக்குக் கொண்டுபோகையில், லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடுக்கில் முன்சக்கரம் இறங்கி 'டக்'கென்று இடித்தது. அண்ணி போட்ட அலறல் மூன்று மாடிக்கும் கேட்டதாம். டிராலியைத் தள்ளியவர் அவரேதான். முந்தின வாரம் அந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, 'சரியாயிருக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவரும் அவரேதான்.

அன்றிலிருந்து ஒரே பைத்தியம். படுத்திருப்பவர் அலுங்காமல் குலுங்காமல் அந்த இடுக்கைத் தாண்ட வேண்டும். முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு குட்டிச் சக்கரம். பெரியது இடுக்குக்கு மேலே இருக்கும்போது சின்னது பாரம் தாங்கும். இவ்வளவுதான் விஷயம்.

குழுவில் ஏழு பேர். ஒருவர்கூட லிஃப்டில் படுத்துக்கொண்டு போனதில்லை என்பதுதான் அவர்களுடைய தகுதி. அவர் செய்து காட்டியதற்கு வந்த முதல் கடிதத்தில், சத்தம் வருகிறது என்றார்கள். அதன் முதுகிலேயே படம் போட்டு, பழைய டயர் ரப்பரைச் சுற்றினார். ரப்பர் தரையில் கறுப்புக் கோடு போடுகிறது என்றது இரண்டாவது. மறுநாள் அண்ணி ஒற்றை வெள்ளை ரப்பர் செருப்பை வைத்துக்கொண்டு வீட்டைச் சல்லடை போட்டுத் தேடினார். திரும்பும்போது முரண்டு பிடிக்கிறது என்று மூன்றாவது வந்ததும், குட்டிச் சக்கரத்தைத் தரைக்கு ஒரு நூல் மேலே தூக்கி நிறுத்தினார். பெரியது இறங்கினால் மட்டும் அது தரையைத் தொடும். குழு தனக்கே தெரியாமல் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போயிருப்பதாக ஒன்பதாவது கடிதம் கண்டுபிடித்தது. டிராலிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் அவர் கையெழுத்து இப்போது முத்து முத்தாக இருக்கிறது.

"உங்களுக்குக் கோபமே வராதாண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வராம? ரெண்டு நாள் வீட்ல யார்கிட்டயும் பேசமாட்டேன். அப்புறம் எடுத்துப் பாத்தா, அதுல ஒரு வரி உண்மையா இருக்கும். அதான் பெரிய கடுப்பு."

உண்மையான பரீட்சை மதியம் நடக்கும். அண்ணி சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, டிராலியில் ஏறிப் படுப்பார். அண்ணன் லிஃப்டுக்குள் தள்ளி, வெளியே இழுப்பார்.

"எப்படி?"

"ம்ஹும். இடிக்குது."

"பூ மாதிரி போச்சுன்னு ஒரு தடவ பொய்யாவது சொல்லேன்."

"வயித்தக் கிழிச்சுத் தச்சது உங்களுக்கா எனக்கா?"

இங்கே முத்திரை கிடையாது, மேல்முறையீடும் கிடையாது.

போன திங்கட்கிழமை பதினைந்தாவது கடிதத்தைக் குழுத் தலைவரே கொண்டுவந்தார், கூடவே ஒரு போட்டோகிராபர். கருவி ஏற்கப்பட்டதாம். "எங்க ஊக்கம் இல்லாம இது நடந்திருக்குமா?" என்று அண்ணன் தோளில் கைபோட்டுப் பல்லைக் காட்டினார். என்னால் மறுக்க முடியவில்லை. பதினான்கு முறை ஊக்கியிருக்கிறார்களே. போகும்போது ஏழாவது நிபந்தனையை மட்டும் வாய்விட்டுப் படித்தார்: இனி இக்கருவியில் ஒரு திருகாணியைக்கூட மாற்றக் கூடாது. "பிரேம் போட்டு மாட்டுங்க" என்றும் சொன்னார்.

அவர் தலை மறைந்ததும் அண்ணி வழக்கம்போல ஏறிப் படுத்தார். நானும் கூடப் போனேன். உள்ளே போனது தெரியவில்லை, வெளியே வந்ததும் தெரியவில்லை.

"எப்படி?" என்றார் அண்ணன்.

அண்ணி கூரையைப் பார்த்தார். அண்ணன் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். பாவம், நல்ல வார்த்தை சொல்லத்தான் நினைத்தார் போலிருக்கிறது.

"லேசா" என்றார். "வெளிய வர்றப்ப மட்டும்."

அண்ணன் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். கடிதத்தைத் திருப்பினார். பின்பக்கத்திலும் நிபந்தனைகள், எட்டு முதல் இருபத்திரண்டு வரை, விரல் வைக்க இடமில்லாமல். மறுபடி முன்பக்கம் திருப்பித் தேடினார். ஏழாவது நிபந்தனைக்குப் பக்கத்தில், ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை இருந்தது. அண்ணியின் காலை நகர்த்தச் சொல்லி, டிராலியின் மேலேயே கடிதத்தை விரித்து, அந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டார்.